நெத்திலி வயிறுகள்

1987 செப்டம்பர், வெள்ளி, இரவு

கடற்கரையிலிருந்து வீடு வந்து சேர்ந்துவிட்டேன்.

திருநாவலூர் தாண்டியதும் புளியமரத்தைச் சாலைக்குக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். இடஒதுக்கீடு கேட்டு ஒரு சாதிச் சங்கம் நடத்தும் மறியல். பஸ்ஸை விட்டிறங்கி மரத்தைத் தாண்டும்போது என் பையில் பாட்டில்கள் உரசிச் சத்தம் கேட்டது. ஒருவன் பையைப் பிடித்து நிறுத்தினான்.

"இன்னா இது, ஆசிட்டா?"

"நெத்திலி வயிறுங்க. அது இன்னா தின்னு வளருதுன்னு ஆராய்ச்சி பண்றேன்."

"கத வுடாத."

மூடியைத் திறந்தான். கெடாமலிருக்க ஊற்றியிருந்த பார்மலின் நெடி அவன் கண்ணில் ஏறியது. "ஆசிட்டுதான்டா!" என்று கத்தி, எல்லா பாட்டில்களையும் பள்ளத்தில் வீசினான். ஒரு வருட உழைப்பு. கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டது.

கோடாலி வைத்திருந்த பெரியவர் என் கையிலிருந்த டப்பாவைக் காட்டினார். "அதுல இன்னாம்மா?"

"மீனோட காதுக்கல்லுங்க. அதுல இருக்கற வளையத்த எண்ணினா வயசு தெரியும். இதோ, இந்த மாதிரி."

வெட்டுப்பட்ட மரத்தைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்த ஊரு?"

"கள்ளக்குறிச்சிங்க."

"எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். டப்பாவின் மூடியை இறுக்கி அழுத்தினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. "வுடுங்கடா, போவட்டும்" என்றார்.

டப்பா தப்பியதால் நெத்திலியின் வயதை இனியும் சொல்ல முடியும். என்ன தின்றது என்று சொல்ல, மறுபடி கடற்கரைக்குப் போய் மீன் வாங்க வேண்டும். இதே சாலைதான்.

"திரும்பப் போவணுமா?" என்று அம்மா கேட்டாள்.

"போவணும்மா."

அவள் எழுந்துபோய், போட்ட தாழ்ப்பாளை மறுபடி இழுத்துப் பார்த்தாள்.