யானை குளிக்கும் இடம்

4-2-1965
பழனிசாமி போன வருஷம் மெட்ரிக்கில் பள்ளிக்கே முதல். சின்னவன் ஜெகநாதன் நீச்சலில் கப் வாங்கினான். பேத்தி நீலாவதி நிமிஷத்துக்கு ஐம்பது வார்த்தை டைப் அடிக்கிறாள்; அடுத்த மாதம் பிள்ளை பெறப் போகிறாள், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பேரப்பிள்ளைகள்!

நீலாவதி தாயில்லாப் பெண். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் பெற்றதும் இங்கே ரங்கத் குடியேற்ற ஊருக்கு வந்து நாற்பது நாள் என் கையில் இருக்கட்டும் என்று எழுதியிருந்தேன். அவள் அப்பன், என் மகன் குழந்தைவேலு, பதில் போட்டிருக்கிறான்: "உங்கள் ஓடையில் யானை குளிக்கிறது. காய்ச்சினாலும் வாடை போகாது. அனுப்ப மாட்டேன்."

கோபம் வந்தது. குடத்தை எட்டிப் பார்த்தேன். கலங்கல்தான்.

7-2
ஊர்க்கூட்டம். நான்தான் கூட்டினேன். வங்காளிகள், தெலுங்கர்கள், நாங்கள் – எல்லோரும் இந்தியில் சண்டை. கடைசியில் முடிவு: மேல்மடு குடிக்க, நடுமடு குளிக்க, துவைக்க. மாடுகள் கீழே. என் மாடும்தான்.

"யானைகிட்ட யார் சொல்றது?" என்றார் பக்கத்து வீட்டு ஹரிபத பாபு. ஒருவரும் கை தூக்கவில்லை.

11-2
மேல்மடுவைச் சுற்றி மூங்கில் வேலி. ஊரே சேர்ந்து நட்டோம். பச்சை மூங்கில், நல்ல உறுதி.

12-2
வேலியை யானை தின்றுவிட்டது.

மரவெட்டு கேம்ப் யானைக்காரர் அப்துல் ரஹ்மானுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "விருந்து வெச்சுட்டு, வராதேங்கறீங்களேம்மா! பாவம், பகலெல்லாம் மரம் இழுக்கறா. ஆழமா வேற மடு காட்டுங்க, கூட்டிட்டுப் போறேன்."

14-2
மடு இருக்கிறது. எல்லா வீட்டையும் தாண்டி, ஓடை கடலில் சேருமுன். ஆனால் வழி?

"மாசி, ராஸ்தா உங்க வாழைத் தோட்டத்துலதான் இருக்கு" என்றார் ஹரிபத பாபு, தரையைப் பார்த்துக்கொண்டு. சித்தியை வங்காளிகள் மாசி என்பார்கள்.

நாற்பது வாழை. பாதி குலை தள்ளியாச்சு. யானை ஒரு தடவை நுழைஞ்சா மிச்சம் வைக்குமா? முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கூட்டத்துல எல்லாருக்கும் நியாயம் சொன்ன வாய் – இப்ப ஏன்டி ஒட்டிக்கிட்ட?

15-2
வெட்டச் சொல்லிவிட்டேன்.

இருபது வாழை போயிற்று. குலைகள் ஊருக்கு. நிற்பவற்றில் யானை போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. திட்டிக்கொண்டே பார்க்கிறேன். நடை அழகுதான்.

3-3
மேல்மடுவில் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. குழந்தைவேலு நேரில் பார்க்க வந்தான். இரண்டு சொம்பு குடித்தான். "ம்" என்றான். அவனுக்கு அது பெரிய பேச்சு.

1-4
பிள்ளையோடு வந்துவிட்டாள்! எழுத நேரமில்லை.

21-5
நீலாவதி நேற்றுக் கப்பல் ஏறினாள். நாற்பது நாளுக்கு வந்தவள் ஐம்பது நாள் இருந்தாள். பிள்ளைக்கு ஒரு நாள்கூட வயிறு கெடவில்லை. வந்தபோது பூனைக்குட்டி, போகும்போது தூக்கிய என் இடுப்பு இன்னும் வலிக்கிறது.

வீடு வெறிச்சென்று இருக்கிறது. இப்போதே கார்டு எழுதிவிட்டேன்: பிள்ளையைப் புதுப் படம் ஒன்று எடுத்து, அடுத்த கப்பலிலேயே போஸ்ட்டில் அனுப்பு. இரண்டு கன்னமும் தெரிய வேண்டும்.