கூழாங்கரை மதகு மண்டபச் சுவரை வெள்ளையடிக்கலாகாது

மழை பொய்யாதிருக்க, கரை உடையாதிருக்க, ஏரி நிறைந்தும் ஊர் நனையாதிருக்க. மருதவேலி நாட்டின் ஏழு கோட்டங்களையும் ஒரு குடைக்கீழ்ப் புரந்தருளும் மாவண் சேந்தப் பெருமானின் திருவாக்கை ஏந்தி நிற்பவனும், நாட்டு நீர்நிலைகள் அனைத்தின் மேற்பார்வை பூண்டவனுமாகிய பேரமைச்சன் தாமன் விழுப்பரையன், கீழ்நீர்க் கோட்டத்தை வாளாலும் சொல்லாலும் காத்துவரும் நன்னாகன் வேளாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் குதிரையும் கழனியும் களமும் நலமுற்று ஓங்குக.

ஆடி மாதத்துத் தங்கள் ஓலை வந்து சேர்ந்தது. கூழாங்கரை மதகு மண்டபத்தில் அரசவுலாவைச் சித்திரமாக எழுதும்படி அனுப்பப்பெற்ற ஓவியர் கொற்றியார் கட்டளை மீறினார் என்றும், ஊராரோடு கூடிப் பேரமைச்சராகிய எம்மை இழிக்கும் உருவத்தைச் சுவரில் எழுதினார் என்றும், சுவரை வெள்ளையடித்து அவர் வலக்கையைக் களைய ஒப்புதல் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். இருந்த இடத்திலிருந்தே விடை எழுத மனம் இசையவில்லை. பத்து வண்டிச் சுண்ணாம்போடு யாமே புறப்பட்டு வந்தோம். வந்து இன்றோடு பதினோரு நாள். கண்டதையும், கொற்றியார் வாயாலும் ஊரார் வாயாலும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறோம். பொறுமையுடன் படிக்க.

கொற்றியார் பதினான்கு ஆண்டுகள் அரண்மனைச் சித்திரச்சாலையில் இருந்த பெண்மணி. அரசவுலாவை மட்டும் பத்தொன்பது சுவர்களில் எழுதியவர். அந்தப் பத்தொன்பதிலும் யானை வலக்காலைத் தூக்கியே நிற்கும். குடை ஒரே சாய்வில் சாயும். கூட்டத்து மாந்தர் அனைவருக்கும் ஒரே முகம், ஒரே மகிழ்ச்சி. அவையோர் மெச்சினார்கள், யாமும் மெச்சினோம். மெச்ச மெச்ச அவருக்குள் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்ததாம். "கை அது பாட்டுக்கு வரைஞ்சுகிட்டு இருக்கும். நான் பக்கத்துல நின்னு எப்ப முடியும்னு பாத்துகிட்டு இருப்பேன்" என்று எம்மிடம் சொன்னார்.

சித்திரையில் கூழாங்கரைக்கு வந்தார். மண்டபத்தின் கீழைச் சுவர் முப்பது முழ நீளம், சுதை பூசிக் கடுக்காய்நீர் விட்டு மெருகேற்றியது. அப்படி ஒரு சுவர் எந்த ஓவியருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. வாய்த்தும் அவரால் தொடங்க இயலவில்லை. விடிந்ததும் ஏரிக்கரையில் ஏறி நடப்பார்; கரை முடியும் இடத்தில் திரும்பி மறுபடி நடப்பார். காவியும் மஞ்சளும் அவுரி நீலமும் விளாம்பிசினில் குழைத்து வைப்பார். அவை கிண்ணத்திலேயே காய்ந்து வெடிக்கும். சோறு வைத்த வீட்டார் அழைத்தால் வருகிறேன் என்பார், வரமாட்டார். இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் வெட்கம் தாளாமல், பழகிய உலாவையே செங்காவிக் கோட்டால் சுவர் முழுவதும் இழுத்துவிட்டார். அரை நாளில் முடிந்தது. முடிந்ததும் தூரிகையைக் கழுவாமலே எறிந்தாராம்.

அந்த நண்பகலில்தான் சடைச்சி என்பவர் தலையில் மண்கூடையோடு மண்டபத்துக்குள் நிழலுக்கு ஒதுங்கினார். சென்ற கார்த்திகையில் ஏரி உடைந்தபோது மாண்ட மதகு காவலர் உலகனின் மனைவி அவர். கணவர் இறந்தபின், காவலுக்கென விடப்பட்டிருந்த நிலமும் பறிபோக, புதுக் கரைக்கு மண் சுமந்து பிழைப்பவர். கூடையை இறக்காமலே சுவரைப் பார்த்தவர் சொன்னது இது:

"யானை நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊருக்கு வந்த யானை இப்பிடி எங்களப் பாத்துகிட்டு நிக்கலியே தாயி. திரும்பில்ல போச்சு."

என்ன யானை, யார் வந்தது, எப்போது என்று கொற்றியார் கேட்டார். சடைச்சி கூடையோடு போய்விட்டார். மறுநாள் ஊரில் யாரைக் கேட்டாலும் வேலை இருக்கிறது என்றார்கள். அன்று முதல் கொற்றியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலாவை முழுவதும் சுரண்டி எடுத்தார். நகங்கள் தேய்ந்தன. அரண்மனைக்கு என்ன விடை சொல்வது என்ற அச்சம் ஒருபுறம். அந்தத் திரும்பிய யானையை ஒருமுறையேனும் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற தவிப்பு மறுபுறம். பதினான்கு ஆண்டில் முதன்முறையாகத் தாம் எழுதப்போவது இன்னதென்று தமக்கே தெரியாத நிலை அது. அதுவே தம்மைப் பிடித்து ஆட்டியது என்றார்.

வெற்றுச் சுவரில், ஒரு பிடிப்புக்காக, வெள்ளம் ஏறிய மட்டத்தைக் குறிக்க எண்ணித் தம் இடுப்பு உயரத்தில் நீலக்கோடு ஒன்று இழுத்தார். அது பிழையான உயரம். அந்தப் பிழைதான் ஊரை உள்ளே அழைத்தது. வலைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "அம்புட்டுதானா? யாரு சொன்னா? இன்னும் மேல" என்றார். நெசவு செய்யும் பெண் ஒருத்தி வந்து, அவர் காட்டியதற்கும் மேலே என்றாள். இருவருக்கும் வாக்குவாதம் மூண்டது. மாலைக்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் ஏணி கொண்டுவந்து, தம் வீட்டு உத்தரத்தில் படிந்த சேற்றை முழக்கயிற்றால் அளந்துவந்து, ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு கோடு கிழித்தார். அனைவரும் அதை நிமிர்ந்து பார்த்து அடங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கோட்டின்கீழ் எது எங்கே மிதந்தது, யார் எதைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

கொற்றியார் எழுத முனைந்தார். சொல்பவர்கள் திருத்தினார்கள். திருத்தம் பெருகவே, ஒரு நாள் எரிச்சலோடு தூரிகையை நீட்டி நீங்களே எழுதுங்கள் என்றாராம். வாங்கிக்கொண்டார்கள். ஊரே கை நனைத்தது. இது கேட்க இனிதாயிருக்கிறது, உடனிருந்த கொற்றியாருக்கு இனிதாயில்லை. அவர்கள் இழுத்த கோடு ஒவ்வொன்றும் தம் பல்லில் மணலாய்க் கடிபட்டது என்றார். நெசவுப் பெண் தன் பசுவை எழுதியிருந்தாள். கால் ஐந்துபோலத் தோன்றும், வயிறு பானைபோலத் தொங்கும். ஆளில்லா வேளையில் கொற்றியார் அதை அழித்து, இலக்கணம் வழுவாத பசு ஒன்றை எழுதிவைத்தார். மறுநாள் அவள் வந்தாள்; நெடுநேரம் பார்த்தாள்.

"அழகாயிருக்கும்மா. ஆனா இது எம்மாடு இல்ல. எம்மாட்டுக்கு ஒரு கொம்பு காதுப் பக்கம் மடிஞ்சிருக்கும். சினையா வேற இருந்துச்சு."

கொற்றியார் அவளெதிரிலேயே தம் பசுவைச் சுரண்டினார். அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு முழுவதும் கரையில் நடந்தபடி, மடிந்த கொம்பைத் தாம் எப்படிக் காணாது விட்டோம் என்றே எண்ணி எண்ணி வெந்தாராம். அதன்பின் பிறர் கோட்டில் அவர் கை வைக்கவில்லை. நிறம் குழைத்துக் கொடுத்தார், இடம் பிரித்துக் கொடுத்தார், கேட்டவருக்கு மட்டும் கை பிடித்துக் காட்டினார். தாம் எழுதவேண்டியவற்றைப் பார்த்துப் பார்த்து, பாதி வேகத்தில் எழுதினார். வெள்ளத்தில் மாண்டவர்களை அவரவர் வீட்டார் சொல்லச் சொல்ல அவர் எழுதிய நாற்பத்துமூன்று முகங்களில் ஒன்று மற்றொன்றைப்போல இல்லை. யாம் எண்ணிப் பார்த்தோம்.

நடுச்சுவரில் மட்டும் ஐந்து முழ இடம் வெறுமையாய்க் கிடந்தது. யாரும் அதனருகே எழுதவில்லை. கேட்டால் வேறு மூலைக்கு நகர்ந்தார்கள். ஆடிப் பிறப்பன்று சடைச்சி மண்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, அந்த இடத்துக்கு எதிரே அமர்ந்து சொன்னார். ஏரி தளும்பிய அன்று, பெருமதகைத் திறக்க ஒப்புதல் கேட்டு உலகன் ஆளனுப்பினார். யானைமேல் ஒரு பெரியவர் வந்தார். உலகன் கரையில் மண்டியிட்டு, திறக்காவிட்டால் கரை தாங்காது என்று மும்முறை சொன்னார். திறந்தால் கீழே அறுப்புக்கு நிற்கும் அரசக்கழனி முழுகிவிடும், இரண்டு நாள் பொறு என்று சொல்லிவிட்டு யானை திரும்பியது. மறுநாள் கரை உடைந்தது. தனியாளாய்ப் பெருமதகின் பலகையைத் தூக்க இறங்கிய உலகன் மேலே வரவில்லை. காவலன் கேட்கவுமில்லை, திறக்கவுமில்லை என்று அரசோலையில் எழுதப்பட்டது.

கொற்றியார் யானையை எழுதினார். வலக்கால் தூக்காத யானை. ஊருக்கு வாலைக் காட்டி, மழையில் பாதி மறைந்து போகும் யானை. கரைமேல் மண்டியிட்ட மனிதர். யானைமேல் திரும்பிப் பாராமல் அமர்ந்தவரின் பக்கவாட்டு முகத்தை மட்டும் வெள்ளையாக விட்டார். தாங்கள் கண்டு வெகுண்டது அதைத்தான்.

நன்னாகன் வேளாரே, இதுவரை யாம் என்று எழுதிவந்த கை இனி நான் என்றே எழுதும். அந்த யானைமேல் இருந்தவன் நான். உலகன் கேட்கவில்லை என்று அரசோலையில் எழுதியவனும் நான். புதுக் கரை கட்டுவித்ததும், மண்டபம் எழுப்பியதும், அதில் அரசவுலா எழுதச் சொன்னதும் என்னால்தான். அந்தச் சுவரில் ஒரு பெரிய மகிழ்ச்சியைப் பரப்பிவிட்டால் மற்றது அடியில் போய்விடும் என்று நம்பினேன்.

வந்த நாள் முற்பகலில் மண்டபத்துள் சென்றேன். சுண்ணாம்பு வண்டிகள் வாசலில் நின்றன. கொற்றியார் ஏணியிலிருந்து இறங்கி வணங்கினார். முகத்தை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டேன். அஞ்சி விட்டிருப்பார் என்றே எண்ணினேன்.

"உசுரோட இருக்கிறவங்க முகத்த பாக்காம இனிமே எழுதுறதில்லன்னு வச்சிருக்கேன் ஐயா. அன்னிக்கு நீங்க வந்தப்போ நான் இங்க இல்ல." தூரிகையை நனைத்துக்கொண்டே, "இப்போ நீங்களே வந்துட்டீங்க. அந்தச் சன்னல் வெளிச்சத்துல கொஞ்சம் பக்கவாட்டுல நின்னீங்கன்னா..." என்றார்.

என் காவலர்கள் வாளில் கை வைத்தார்கள். ஊரார் வாசலை அடைத்து நின்றார்கள். வெளியே சென்றுவிட என் கால் துடித்தது. ஒருமுறை அடியெடுத்தும் வைத்தேன். அப்போது சடைச்சி என் எதிரே வந்து நின்றார். அழவில்லை, கை கூப்பவுமில்லை.

"அவரு கேட்டாரா, கேக்கலியா? அத மட்டும் உங்க வாயால சொல்லிட்டுப் போங்க."

"கேட்டான்" என்றேன். அது போதவில்லை என்று எனக்கே தோன்றியது. "கேட்டார். மூன்று முறை கேட்டார்" என்றேன். சடைச்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சன்னலருகே போய்ப் பக்கவாட்டில் நின்றேன். வெயில் சுவரை விட்டு இறங்கும்வரை நின்றேன். கொற்றியார் என்னை அழகனாகவும் எழுதவில்லை, அரக்கனாகவும் எழுதவில்லை. நெற்றியில் நீர் வழிய, ஊர் திரும்பும் அவசரத்தில் இருக்கும் ஒரு மனிதனாக எழுதியிருக்கிறார். அதைப் பார்க்க இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன்.

சுவர் நிறைந்துவிட்டது. கொற்றியாருக்கு மட்டும் அமைதி வந்தபாடில்லை. வெள்ளம் பாய்ந்த மற்ற ஆறு ஊர்களிலிருந்தும் ஆள் வந்து தங்கள் ஊர்ச் சுவருக்கும் வரும்படி அழைக்கிறார்கள். நாளைப் புறப்படுகிறேன் என்கிறார். இன்றைக்கே மூட்டையைக் கட்டி அவிழ்த்துக் கட்டுகிறார். அங்கே எழுதவேண்டியது என்னவென்று கேட்டேன். தெரியாது, போனால்தான் தெரியும் என்றார். அரண்மனைக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்றும் கேட்டேன்; அவிழ்த்த மூட்டையை மறுபடி கட்டத் தொடங்கினார்.

ஆகவே இவ்வோலை கண்ட நாழிகையே செய்யத்தக்கவை இவை. கூழாங்கரைச் சுவர்மேல் வெள்ளையடிக்கலாகாது. அதைக் காப்பது தங்கள் பொறுப்பு. கொற்றியாரின் கைக்கோ வழிக்கோ இடர் நேரலாகாது. அவர் வேண்டும் சுதையும் நிறமும் கோட்டத்துப் பண்டகசாலையிலிருந்து செல்லவேண்டும். உலகனின் காவல் நிலம் சடைச்சிக்கும் அவர் வழியினருக்கும் மீள்க. உலகன் கேட்டார் என்பதும், மறுத்தவன் இன்னான் என்பதும் அரசோலையில் திருத்தி எழுதப்படுக. இனி ஏரி தளும்பும் காலத்து மதகு திறக்க எவர் ஒப்புதலையும் காவலர் எதிர்நோக்க வேண்டா.

இதன் படி ஒன்று பெருமானின் திருமுன் சென்றிருக்கிறது. அவர் விதிக்கும் தண்டம் எதுவோ அதற்குத் தலை தாழ்த்திக் காத்திருக்கிறேன். வடக்கே மேகம் கறுக்கிறது. மழைக்கு முன் இக்கட்டளைகள் நிறைவேறுக.

ஆவணித் திங்கள் இருபத்திரண்டாம் நாள், கூழாங்கரை ஏரிக்கரையில் இருந்து, தாமன் விழுப்பரையன் தன் கையால் எழுதி, பேரமைச்சு முத்திரை பொறித்து விடுத்தது. இம்முத்திரை இவ்வோலையோடு என் கையை விட்டு நீங்குகிறது.