கைக்கு அடங்கிய துப்பாக்கி

கிளேட்டன் ஃபோர்க், மொன்டானா
3 மார்ச் 2011

அன்புள்ள ஓரின் அண்ணா,

நலம். நீயும் கொரின் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனி இன்னும் விட்டபாடில்லை. பள்ளிப் பேருந்தின் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டித்தான் ஓட்டுகிறேன்.

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இருபது வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவன் நீ. இங்கே டார்லா என்றொருத்தி கடை வைத்திருக்கிறாள். ஒரு பக்கம் தூண்டில் புழு, மறுபக்கம் துப்பாக்கி. அவளிடம் பழைய கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது, சின்னது. "இதைச் செய்றத கம்பெனி நிறுத்தி எட்டு வருஷமாச்சு. ஆனா உன் கைக்கு இதவிட்டா வேற இல்ல" என்கிறாள். உண்மைதான். கட்டிய புருஷன் ராய்ஸ் என் கையைக் கார் கதவில் வைத்து நசுக்கினானே, அந்தக் கட்டைவிரல் இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. புதுத் துப்பாக்கி எதிலும் குண்டேற்ற மேல்பகுதியைப் பின்னுக்கு இழுக்க என்னால் முடியவில்லை. இதில் மட்டும் லேசாக வருகிறது.

வாங்கலாமா? மாதக் கடைசி வரை எனக்காக எடுத்து வைத்திருக்கிறாள்.

போன் எண்ணை வைத்துத்தான் போன தடவை அவன் என்னைக் கண்டுபிடித்தான். அதனால் கடிதமே போதும். நான் இருக்கும் ஊர் உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் தங்கை,
மார்லிஸ்

பர்லி, ஐடஹோ
9 மார்ச் 2011

அன்பு மார்லிஸ்,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. கொரின் உனக்காகக் கையுறை பின்னுகிறாள். பச்சை நிறம், நீ திட்டுவாய்.

அதை வாங்காதே. கைக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு ஸ்ப்ரிங் போனால் மாற்று கிடைக்காது. குண்டு போடும் மேகசின் ஒன்றுதான் வரும், இன்னொன்றுக்கு நாடு முழுக்க அலைய வேண்டும். தேவைப்படும் நேரத்தில் குண்டு அடைத்துக்கொண்டால் என்ன செய்வாய்? நானே நல்லதாக ஒன்று பார்த்துத் தருகிறேன். அதுவரை பொறு. கடை எங்கே இருக்கிறது? அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. கோபப்படாதே. ராய்ஸ் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் என் பக்கத்தில் உட்காருகிறான். சொல்லத் தோன்றியது, அவ்வளவுதான்.

உன் அண்ணன்,
ஓரின்

கிளேட்டன் ஃபோர்க்
15 மார்ச் 2011

அன்புள்ள அண்ணா,

ராய்ஸ் பேச்சை இனி எழுதாதே. சர்ச்சில் அவன் எங்கே உட்கார்ந்தால் எனக்கென்ன?

கடை தானியக் கிடங்குக்கு எதிரே. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போவேன். போன வாரம் கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு குண்டில் ஒன்பது தகட்டில் பட்டது. "என் புருஷனவிட நல்லா சுடுற, அவன்கிட்ட சொல்லிடாத" என்று டார்லா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு வந்துதான் நினைத்துப் பார்த்தேன்.

இருந்தாலும் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று இந்தச் சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன். நீ பார்த்துத் தருவதை எதிர்பார்த்திருப்பேன்.

உன் தங்கை,
மார்லிஸ்

21 மார்ச் 2011

ஓரின்,

சனிக்கிழமை நான் கடைக்குள் நுழைந்தபோது ராய்ஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்திருந்தான். "ஓரின் சொல்றதுதான் சரி, மார்லிஸ். அதுக்கு ஸ்ப்ரிங் கிடைக்காது" என்றான். முதல் வார்த்தையே அதுதான்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். "பேசணும், அவ்வளவுதான். உங்கண்ணனே கூட்டிட்டு வந்திருக்காரு, பாரு" என்று ஜன்னலைக் காட்டினான். பார்த்தேன். உன் டிரக். உள்ளே நீ. ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினாய். இறங்கவில்லை.

டார்லாவுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னைக் கவுண்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "கடைய மூடுறேன். நீங்க கிளம்புங்க" என்றாள். "நான் இவ புருஷன்" என்றான். "அப்ப ரெண்டு மடங்கு வேகமாக் கிளம்புங்க" என்றாள். ஷெரீப்பைக் கூப்பிடப் போனை எடுத்த பிறகுதான் எழுந்தான்.

அந்தத் துப்பாக்கியை அன்றே வாங்கிவிட்டேன். ஸ்ப்ரிங் கிடைக்காது என்று நீ சொன்னது பொய் இல்லை, டார்லாவும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். துப்பாக்கி சரியில்லை என்றா வேண்டாம் என்றாய்? இல்லை, அவன் வரும்போது என் கை காலியாக இருக்கட்டும் என்றா?

பதில் வேண்டியதில்லை. வேலையை விட்டாயிற்று. அஞ்சல் பெட்டியையும் இன்று மூடுகிறேன்.

மார்லிஸ்

பர்லி
30 ஏப்ரல் 2011

மார்லிஸ்,

முன்பு எழுதிய இரண்டும் திரும்பி வந்துவிட்டன. உன் நல்லதுக்குத்தான் செய்தேன், அவன் மாறிவிட்டான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். நீ படிக்காததே நல்லது. இதுவும் திரும்பி வரும் என்று தெரியும். அதனால்தான் உண்மையை எழுத முடிகிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், உன் கை காலியாக இருக்கட்டும் என்றுதான். "அவ கையில துப்பாக்கி இருந்தா எப்படிப் பேசுறது, ஓரின்?" என்றான் ராய்ஸ். நியாயமாகப் பட்டது. அதன் பிறகுதான் ஸ்ப்ரிங்கைப் பற்றி யோசித்தேன். ஸ்ப்ரிங் ஒன்றும் சீக்கிரத்தில் போகாது. அந்த ரகத்தில் நூறு துப்பாக்கியாவது என் கைவழி போயிருக்கும். ஒன்றுகூட அடைத்ததில்லை.

திரும்பும் வழியில் அவன் ஐடஹோ எல்லை தாண்டியதும் ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்தக் கடைக்காரி வீடு எங்கன்னு மார்லிஸ் எழுதியிருக்காளா?"

டிரக்கை ஓரங்கட்டி அவனை இறக்கிவிட்டேன். டார்லாவுக்குப் போன் செய்து எச்சரித்தேன். கேட்டுக்கொண்டாள். நீ எங்கே என்று கேட்டதும் போனை வைத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி.

ஓரின்