அடிக்குறிப்பு, தேர்வுக்கு மட்டும்

செவ்வாய்ச் சுற்றுநிலையம். நாள் 211, 07:10
கீழே குடியிருப்பில் நாற்பத்திரண்டு பேர். மேலே நான் மட்டும்: முனைவர் இளவழுதி, குடிநீர் மேற்பார்வை. மண்ணடிப் பனியை உருக்கிச் சுத்திகரித்த நீரின் அறிக்கை வந்தது. செவ்வாய் மண்ணின் நச்சு உப்பான பெர்குளோரேட்: பூஜ்யம். கையொப்பம் மரகதவல்லி, என் பழைய மாணவி. ஒப்புதல் அளித்தேன். இது இருநூறாவது பூஜ்யம்.

நாள் 212, 07:25
படிக்க வேறொன்றும் இல்லாததால் கீழேயுள்ள கருவியின் கையேட்டைப் படித்தேன். லிட்டருக்கு ஐம்பது மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் அதற்குத் தெரியாது. 'கண்டறியப்படவில்லை' என்று காட்டும். குடிக்க எங்கள் விதி அனுமதிப்பது பத்து.

07:50. வானொலி.
"வல்லி, கண்டறியப்படலன்னா ஏம்மா பூஜ்யம் போட்டே?"
"என்ன சார், நீங்களே கேக்கறீங்க! உங்க புக்கு, மூணாவது பாடம், அடிக்குறிப்பு. 'தேர்வுக்குப் பூஜ்யம் எனக் கொள்க.' அதை எழுதித்தானே ரெண்டு மார்க் வாங்கினேன்!"
சிரித்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

நாள் 213, 09:00
'சுற்றுச்சூழல் வேதியியல் அறிமுகம்', இரண்டாம் பதிப்பு. ஆளுக்கொரு விடை எழுதினால் திருத்தி மாளாது என்று விடைத்தாள் திருத்துவோர் முறையிட்டார்கள். ஒரு வரி சேர்த்தேன். பதினேழு கல்லூரிகள் பாடமாக வைத்தன. பொன்னாடை போர்த்தினார்கள்.

11:30. கீழிருந்து மாதந்தோறும் மேலே வரும் நீரை என் நுண்கருவியில் சோதிக்க வேண்டும். பூஜ்யத்தை எதற்குச் சோதிப்பது என்று விட்டிருந்தேன். இன்று சோதித்தேன்: லிட்டருக்கு முப்பத்தெட்டு மைக்ரோகிராம். தைராய்டைக் கெடுக்கும். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அந்தத் தைராய்டு வேண்டும்.

11:34. குடிக்க வேண்டாம் என்று அறிவித்தேன். சேமிப்பு நீர் அறுபது நாளுக்கு வரும்.

நாள் 219, 13:15
விசாரணை. குடியிருப்புத் தலைவர் தெய்வநாயகம்:
"அந்தப் பொண்ணு உங்க புக்குலதான் அப்படி இருக்குன்னு அடிச்சுச் சொல்லுது. நெஜமா சார்?"
"பார்த்துச் சொல்றேன்" என்றேன். பூமிக்கு வெளியே அந்தப் புத்தகம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது: என் நிலையத்தின் கணினியில்.

14:40. அடிக்குறிப்பை நீக்கினேன். 'கருவியின் வரம்பைத் தவறாமல் குறிப்பிடுக' என்று அந்த இடத்தில் எழுதி, புத்தகத்தைத் தலைவருக்கு அனுப்பினேன். இதுவரை வந்த பதிப்புகளில் இதுவே சிறந்தது.

நாள் 220, 08:05
மரகதவல்லியைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். என்னோடு பேச அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறாள்.
"சார், மன்னிச்சிடுங்க. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நான்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேன் போல. உங்க பேரையும் இழுத்துவிட்டுட்டேன்."
"பரவாயில்லம்மா" என்றேன். தயக்கமில்லாமல் வந்தது.
"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல சார்?"
"ஆகாது" என்றேன். அவள் நம்பினாள். நான் சொல்வதை எப்போதும் நம்புவாள்.

08:40. இதைக் கண்டெடுப்பவருக்கு: மேலே உள்ளது உண்மை. இதை இரண்டு முறை அழித்தேன். இரண்டு முறையும் மீட்டேன். கீழே அனுப்ப ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதற்குப் பக்கத்திலேயே அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. விரல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.