புகை வந்தது என்றேன்

இன்று காலை கீழ் வீட்டு ஷாகிரா நம் காரைக் கிளப்பினாள். டீசல் வாடை படிக்கட்டு வழியாக நம் வீடு வரை ஏறி வந்தது. காபி கலந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. சும்மா நின்றால் வண்டி வீணாகிவிடும் என்று வாரம் ஒருமுறை அவள்தான் வந்து சாவி வாங்கிப் போகிறாள். கொடுக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரிகிறது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவள் கீழ் வீட்டுக்குக் குடிவந்தபோது துணி தைப்பவள் என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அந்த மார்கழியில் கார் காலையில் கிளம்பாமல் உங்களைப் படுத்திக்கொண்டிருந்தது. மெக்கானிக் சொன்னபடி புது பேட்டரி போட்டும் பயனில்லை. ஒருநாள் அவள் ஜன்னல் வழியாக, பேட்டரியில் கோளாறு இல்லை என்று சொல்லியிருக்கிறாள். ஈக்காட்டுத்தாங்கலில் அவள் அப்பாவுக்கு டீசல் வண்டிப் பட்டறை, அங்கேயே வளர்ந்தவள்.

அன்றிலிருந்து தினமும் பானெட்டுக்குள் இரண்டு தலைகள். அவளுக்கு நம் பெண் வயதுதான். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை நான். ஆனால் வீட்டில் ‘ம்’, ‘சரி’ என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறவர், அங்கே கையை ஆட்டி ஆட்டிப் பேசினீர்கள். மயிலாப்பூருக்கே கேட்கிற மாதிரி சிரித்தீர்கள். பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் என்னையும் கீழே கூப்பிட்டு, காரின் பின்னால் நிற்கச் சொன்னீர்கள்.

“சார் சாவி திருப்புறப்போ வெள்ளைப் புகை வருதா பாருங்க மாமி,” என்றாள் ஷாகிரா. “வந்தா டீசல் வருது, சூடுதான் பத்தல. வரலன்னா டீசலே வந்து சேரலன்னு அர்த்தம்.”

மூன்று முறை சாவியைத் திருப்பினீர்கள். புகை ஒரு இழைகூட வரவில்லை.

“வரது, வெள்ளையா,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. அவள் ஒரு முறையாவது தோற்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

சூடேற்றும் ஹீட்டர் பிளக்குகள் நான்கையும் மாற்றினீர்கள். மறுநாள், உங்கள் அக்காவைக் கண் ஆபரேஷனுக்கு அடையாறு அழைத்துப்போக வேண்டிய நாள், வண்டி அசையவில்லை. அக்காவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஷாகிராவைப் பார்த்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினீர்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

சாயங்காலம் அவளே திரும்பி வந்தாள். டீசல் வரும் வழியில் கண்ணாடி மாதிரி ஒரு டியூபை இடையில் மாட்டி, உங்களைச் சாவி திருப்பச் சொன்னாள். உள்ளே குமிழ் குமிழாகக் காற்று. எங்கோ விரிசல் விட்ட பழைய ரப்பர் குழாய் வழியே காற்றுப் புகுந்து, டீசல் இரவெல்லாம் டேங்குக்கே இறங்கிவிடுகிறதாம்.

“அப்ப புகை வந்திருக்காதே,” என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்தாள். பிறகு உங்களிடம், “மாமி சரியாத்தான் சொல்லியிருப்பாங்க, என் காதுலதான் தப்பா வுழுந்துகீது சார்,” என்றாள்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

குழாயை மாற்றியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. அதில் அக்காவைப் பார்க்க அடையாறு போனோம். பாலம் ஏறும்போது, “நீயும் எங்களோட பானெட்டுக்கு முன்னாடி வந்து நின்னிருக்கலாமே,” என்றீர்கள். டீசல் வாடை எனக்கு ஒத்துக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குப் பிறகும் நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் ஒருநாளும் வரவில்லை.

இன்று இறங்கிப் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, உங்களைப் பற்றி அவளாகவே பேசினாள். மெக்கானிக் ஆக ஆசைப்பட்டீர்களாம். உங்கள் அப்பா நீங்கள் சேர்த்து வைத்திருந்த ஸ்பானர்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, உங்களை இன்ஷூரன்ஸ் பரீட்சைக்கு உட்கார வைத்தாராம். அன்றைக்கு அழுதீர்களாம்.

முப்பத்து நான்கு வருஷத்தில் என்னிடம் இதைச் சொல்லவில்லையே நீங்கள்.

“தெரியுமே, சொல்லியிருக்கார்,” என்றேன் அவளிடம். பிறகு, அடுத்த வாரம் வண்டியைக் கிளப்பும்போது என்னையும் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறீர்களோ, எல்லாம் எனக்கு வேண்டும்.