குளிர்ந்த வேர்வை

அப்பா,

உங்கள் கறுப்புத் துணிக்காலணி என் மேசைக்கு அடியில் இருக்கிறது. தைல வாசனை இன்னும் போகவில்லை. அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்துக் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். மூன்று முறை விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் படுக்க முடியவில்லை.

நம் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, பதினைந்து சீன ஆன்ட்டிகளுக்கு நடுவில் மீசை வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். வாரக் கடைசிக் காலைகளில் லிம் ஆன்ட்டி சொல்லித்தரும் சீகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சி. மூச்சை மெதுவாக இழுத்து, கழுத்தளவு தண்ணீரில் நிற்பவரைப் போலக் கையை உயர்த்துவீர்கள். சர்க்கரைக்கு நல்லது என்று வேலையிடத்தில் யாரோ சொன்னதால் சேர்ந்தீர்கள். முதல் நாளே பெரிய ஏப்பம் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்களாம்.

“வீட்ல ஏப்பம் விட்டா உங்கம்மா விரட்டுறா. அங்க பாராட்டுறாங்க, பாப்பா!”

“அப்ப சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்குங்க,” என்றார் அம்மா சமையலறையிலிருந்து.

ஆரம்பத்தில் உடம்பு பேசும் என்று லிம் ஆன்ட்டி சொன்னதை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். கொட்டாவி வந்தது, உள்ளங்கை சூடானது, விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. ஒவ்வொன்றையும் பரிசு வாங்கியவரைப் போல என்னிடம்தான் வந்து சொல்வீர்கள். தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் எனக்கும் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து நாம் இருவரும் ஒரே கட்சி. எனக்கு ஊசி, உங்களுக்கு மாத்திரை.

அந்த ஞாயிறு, பயிற்சி முடிந்து மீன் வாங்கத் தேக்காவுக்குப் போனோம். பேருந்திலிருந்து இறங்கிச் சந்தைக்குள் நுழைவதற்குள் மூன்று முறை நின்றுவிட்டீர்கள். பூக்கடை முன்னால் நின்றபோது அம்மாவுக்குப் பூ வாங்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். சட்டைக் காலர் நனைந்திருந்தது. துண்டை எடுத்து உங்கள் பிடரியைத் துடைத்தேன்.

“என்னப்பா இப்படி வேர்க்குது?”

“உடம்பு பேசுது பாப்பா. இன்னைக்கு ரொம்பப் பேசுது.”

“அம்மாகிட்டச் சொல்லவா?”

“சொல்லாதே லா. வகுப்பை நிறுத்திடுவா.”

சிரித்தீர்கள். எனக்குத் தோசையும் உங்களுக்குச் சர்க்கரை போடாத தேநீரும் வாங்கினீர்கள். செவ்வாய்க்கிழமை வேலையிடத்தில் விழுந்தீர்கள்; பிறகு எழவே இல்லை. இதயம் என்றார்கள்.

அம்மா இப்போதும் மீன் கழுவும்போது கேட்கிறார்: “அன்னைக்குத் தேக்காவுல நல்லாத்தானே இருந்தாரு?”

“நல்லாத்தான் இருந்தாரு.” ஏழு மாதமாக இதே பதில்.

போன மாதம், இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு உங்கள் காலணியை மாட்டிக் கீழே போனேன். அம்மாவிடம் நூலகம் என்றேன். லிம் ஆன்ட்டி எதுவும் கேட்காமல், தூணுக்குப் பக்கத்தில் உங்கள் இடத்தைக் காட்டினார். எனக்கும் கொட்டாவி வந்தது. எறும்பு ஊர்ந்தது. காரணமில்லாமல் கண்ணீர்கூட வந்தது. எல்லாம் பிடித்திருந்தது.

இன்று காலை அம்மா எழுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டேன். பாதிப் பயிற்சியில் முழங்கால் நடுங்கியது. உதடு மரத்தது. மூன்று வருடமாக இந்த நடுக்கம் எனக்குத் தெரியும் அப்பா. பையில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் இருந்தது. நான் எடுக்கவில்லை. இது சர்க்கரை இல்லை, உடம்பு பேசுகிறது, உங்களுக்கு வந்தது எனக்கும் வருகிறது என்று சொல்லிக்கொண்டே கையை உயர்த்தினேன்.

லிம் ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். “அய்யோ, கை ஐஸ் மாதிரி இருக்கு! உட்காரு, உட்காரு!”

மீட்டரில் 2.9. நான்குக்குக் கீழே இறங்கவே கூடாது. யாரோ ஓடிப்போய் இனிப்புப் பானம் வாங்கி வந்தார்கள். நடுக்கம் அடங்கும்வரை ஆன்ட்டி என் முதுகைத் தேய்த்தார். பிறகுதான் திட்டினார்.

“சுகர் இருக்குன்னு ஏன் சொல்லல, கேர்ள்?”

“அப்பாவுக்கும் இருந்துச்சே, ஆன்ட்டி.”

அவர் கை நின்றுவிட்டது. “ஏதாவது வியாதி இருக்கான்னு முதல் நாளே கேட்டேனே. நோ, நோ, நான் ஸ்ட்ராங்னு நெஞ்சைத் தட்டிக் காட்டினாரு.” மறுபடி என் முதுகைத் தேய்க்கத் தொடங்கினார். “பயிற்சியில வர்ற வேர்வை சூடா இருக்கும். குளிர்ந்து வேர்த்தா நிறுத்தணும். யார்கிட்டயாவது சொல்லணும்.”

அப்போதுதான் நினைவு வந்தது. தேக்கா வெயிலில் உங்கள் பிடரி குளிர்ந்து கிடந்தது. அந்தக் குளிர் இத்தனை நாளாக என் விரல்களில் இருந்திருக்கிறது, அது என்னவென்று தெரியாமல். உங்கள் மேல் கோபமாக வருகிறது. ஏன் நெஞ்சைத் தட்டினீர்கள்? நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன்?

சர்க்கரை எழுதும் குறிப்பேட்டில் இன்று காலைக் கட்டம் காலியாக இருந்தது. 5.6 என்று எழுதினால் அம்மா நம்பிவிடுவார். பென்சிலில் எழுதியும் விட்டேன். பிறகு அழித்துவிட்டுப் பேனாவால் 2.9 என்று எழுதினேன். அம்மா எங்கே, எப்படி என்று கேட்பார். கீழே போனதைச் சொன்னால் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தேக்காவையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அம்மா என்னை எப்படிப் பார்ப்பார் என்று தெரியவில்லை.

சமையலறையில் விளக்கு எரிகிறது. நாற்காலி இழுக்கும் சத்தம். அம்மாவும் தூங்கவில்லை.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போகிறேன் அப்பா. கை நடுங்குகிறது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருக்கிறது.