சார் திருத்திய விடை

அண்ணா,

அன்புள்ள என்று போட்டுத்தான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். இருந்தாலும் நம் வீட்டில் உன்னை அண்ணா என்று கூப்பிட நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

போன வாரம் திருப்பதியில் உனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. மஸ்கட்டிலிருந்து உன் உடல் வந்த அன்று வராத கூட்டம் இதற்கு வந்தது. எல்லோரும் உன் பழைய மாணவர்கள். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒருவர் மைக்கைப் பிடித்து, உன் நேர்மைக்கு ஒரு கதை சொன்னார்.

"எங்க பேட்ச்ல முதல் வாரமே சார் சொன்னாரு. கால்சியம் குளோரைடு தண்ணில கரையறதுக்கு போன வருஷ ஆன்சர் கீயில தப்பா போட்டுட்டோம், திருத்திக்குங்கன்னு. எந்த லெக்சரர் அப்படி ஒத்துக்குவாரு?"

எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் போன வருஷ பேட்ச்சில்தானே அண்ணா நான் உட்கார்ந்திருந்தேன்?

தெருவுக்குத் தெரு எஞ்சினியரிங் கோச்சிங் முளைத்த காலம். லெக்சரர் தங்கை என்று நகரியிலிருந்து என்னையும் திருப்பதிக்குக் கூட்டிப்போய், பத்தாவதுக்கு அடுத்த இன்டர் முதல் வருஷத்தில் உன் செக்‌ஷனிலேயே சேர்த்தாய். ஒரு வாரப் பரீட்சையில் அந்தக் கால்சியம் குளோரைடு கேள்விக்கு நான் எழுதியது இதுதான்:

CaCl₂(s) → Ca²⁺(aq) + 2Cl⁻(aq)

உன் கீயில் Ca²⁺ + Cl²⁻ என்று இருந்தது. மின்சுமை இரண்டு பக்கமும் சரியாகத்தான் வந்தது. ஆனால் கட்டியாக இருந்தபோது இரண்டு குளோரின், கரைந்ததும் ஒன்று. இன்னொன்று எங்கே போனது? எழுந்து நின்று அதைத்தான் கேட்டேன். "கூர்ச்சோ" என்று தெலுங்கில் அதட்டி உட்கார வைத்தாய். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலம் உன் ரூமில் நீ சொன்னது ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"நீ எழுதினதுதான் கரெக்ட். கீ பிரிண்ட் ஆய்ப்போச்சி. எல்லார் முன்னாடியும் தப்புன்னு ஒத்துக்கினா என் வேல இன்னா ஆவறது? வாய மூடிக்கினு இரு."

நான் மூடவில்லை. மறுநாளும் கேட்டேன். அடுத்த வாரமே கடைசி செக்‌ஷனுக்குத் தள்ளினாய். அத்தோடு விட்டாயா? ஊருக்கு வந்து, நம்மைப் பெற்ற நைனாவிடம், "அதுக்குக் கெமிஸ்ட்ரி ஏறல நைனா. இன்டர் முடிக்கிறதே கஷ்டம். நல்ல எடம் வந்தா பாரு" என்றாய். நைனா பார்த்தார். இரண்டாம் வருஷம் தொடங்கும் முன்பே சத்தியவேட்டில் என் கல்யாணம் முடிந்தது.

உன் திருத்தத்தை அடுத்த பேட்ச்சுக்குச் சொன்னாய். சத்தியவேட்டுக்கு பஸ் இல்லையா? ஒரு கார்டு போட்டிருக்கலாமே. நைனாவிடம், "அவ சரியாத்தான் எழுதினா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய், லீவில் வந்தபோதெல்லாம் சென்ட் பாட்டில் கொடுத்தாய். அதையா கேட்டேன்?

கூட்டத்தில் நான் எழுந்தேன். "கீ தப்புன்னு மொதல்ல சொன்னது நான். அதுக்காகத்தான் என் படிப்ப நிறுத்தினாரு" என்றேன். யாரும் கை தட்டவில்லை.

அண்ணி வெளியே என் கையைப் பிடித்து இழுத்தாள். "செத்தவர இப்படிப் பேசலாமா?"

"உயிரோட இருக்கசொல்லோ கேட்டேன் அண்ணி. அப்ப கூர்ச்சோன்னாரு."

அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும்.

நைனாவிடமும் சொன்னேன். இப்போது காது மந்தம், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"சொன்னேன் நைனா. நீ அவன் பேச்சத்தான் கேட்டுக்கினு இருந்த."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதாரா, தூங்கினாரா, தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவில்லை.

இங்கே சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனிகள் வந்த பிறகு ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங்கில் நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேப். இன்டர் பாஸ் இருந்தால் ஹெல்ப்பராகவாவது உள்ளே எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஓப்பன் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டேன். கெமிஸ்ட்ரியும் உண்டு.

உன்னை மன்னிப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். ரிசல்ட் வந்ததும் மார்க் மெமோவை எடுத்துக்கொண்டு உன் போட்டோ முன்னால் வந்து நிற்க மாட்டேன். நேராக லேபுக்குப் போவேன்.

நீ உட்காரச் சொன்ன,
உன் கூடப் பிறந்த தங்கை